இடது சப்பை எலும்பு

கண்ணைக் கட்டிவிட்டு என் கையில் ஓர் ஆட்டெலும்பைக் கொடுங்கள். அது எந்த இடத்து எலும்பு, கிடாவா பெட்டையா, எத்தனை பல் போட்டது, காட்டில் மேய்ந்து வளர்ந்ததா, கொட்டகையில் கட்டித் தீனி போட்டதா என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இதைச் சும்மா சொல்லவில்லை. பந்தயம் கட்டித் தோற்றவர்கள் லிங்கராஜபுரத்தில் இன்னும் இருக்கிறார்கள். நான் படித்தது மூன்றாவது வரைக்கும். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு லுங்கி, ஒரு துண்டோடு பெங்களூருக்கு வந்து, அல்சூரில் இன்னொருத்தர் கடையில் குடல் கழுவி, தோல் உரித்து, கத்தி பிடிக்கக் கற்று, அப்புறம் லிங்கராஜபுரத்தில் சொந்தக் கடை, சொந்த வீடு. என்னோடு கடை வைத்தவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார்கள். நான் நின்றேன். யார் கையையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

ஆனால் எலும்பு பேசும் என்கிற விஷயம் எனக்குக் கடையில் தெரிய வந்ததில்லை. அது என் பெண்சாதி வழியாக வந்தது.

அவள் கிருஷ்ணகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் செம்மறி மேய்க்கிற குடும்பத்துப் பெண். கல்யாணமான புதிதில், அல்சூரில் ஒற்றை ரூமில் இருந்தோம். முதல் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்தேன். சாப்பிடும்போது தட்டில் சப்பை எலும்பு விழுந்தது. முன்னங்காலுக்கு மேலே, தோள்பட்டையில் விசிறி மாதிரி அகலமாக இருக்குமே, அதுதான் சப்பை. நான் எடுத்து வாயில் வைக்கப் போனேன். அவள் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அதைக் கடிக்காதீங்க!"

"ஏம்மே, நான் வாங்கியாந்த கறி, நான் கடிக்கக் கூடாதா?"

"வேற எதை வேணும்னாலும் கடிங்க. சப்பையில பல்லு பட்டா வாயை மூடிக்கும்."

"யாரு வாயை?"

"அது வாயைத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தினமும் இருபது சப்பையைக் கத்தியால் இரண்டாகப் போடுகிறவனிடம் வந்து அதற்கு வாய் இருக்கிறது என்கிறாள். அவள் சிரிக்கவில்லை. ஒட்டியிருந்த சதையை விரலாலேயே உரித்து, கழுநீரில் அலசி, வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "கதவு தெரியுது. நாலு பேரு வந்து போற கதவு. சீக்கிரம் நீங்க தனியா கடை போடுவீங்க" என்றாள். போட்டேன். அதை என் உழைப்பு என்றுதான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனாலும் அதற்குப் பிறகு சப்பையைக் கடிக்கவில்லை.

அவள் சொன்ன முறை இதுதான். ஆட்டின் இடது சப்பை வீட்டைப் பற்றிப் பேசும், வலது சப்பை ஊரைப் பற்றி. கத்தி படக் கூடாது, பல் படக் கூடாது. கறி அந்த வீட்டு அடுப்பில் வெந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஆடு அந்த வீட்டு ஆம்பிளை கையால் வந்திருக்க வேண்டும். வேறு யாராவது வாங்கிக் கொடுத்தால் எலும்பு அவர்கள் வீட்டுக் கதையைத்தான் சொல்லும். எலும்பின் மேலே ஒரு முகடு ஓடும். அது வீட்டின் முதுகெலும்பு. முகடு நேராக இருந்தால் வீடு நிற்கும். நடுவில் காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்கிற இடம் களம். களத்தில் வெளிச்சம் தாராளமாக வந்தால், வெளியே போனவர்கள் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறார்கள். மேகம் மாதிரி மூட்டம் இருந்தால் நோய். குறுகின கழுத்துப் பக்கம் சின்னப் பொத்தல் இருந்தால் தொட்டில். அதே பொத்தல் அகலமான ஓரத்துப் பக்கம் இருந்தால் குழி. களத்தில் கருப்பாக ஒரு புள்ளியும், அதிலிருந்து ஒரு கோடும் கிளம்பி ஓரம் வரைக்கும் போனால், போனவன் திரும்ப மாட்டான்.

"ஏன் ஆட்டுக்கு மட்டும் தெரியுது? கோழிக்குத் தெரியாதா?" என்று ஒருதரம் கேட்டேன்.

"கோழி எலும்பு வாயாடி. கேட்டவங்க ஆசைக்கு ஏத்த மாதிரி சொல்லும். ஆடு அப்படி இல்ல. நாள் பூரா தலையைக் குனிஞ்சே நடக்குது. மண்ணு சொல்றதெல்லாம் அது காதுல விழுது. தலை பாரத்தைத் தாங்குறது தோள்தானே? எல்லாம் அங்கப் போய்ப் படிஞ்சிடும்."

இதைக் கேட்டுவிட்டு நான் சிரித்துக்கொண்டே கடைக்குப் போனேன். அன்றைக்குக் கடையில் ஒரு சப்பையை வெட்டும்போது கத்தி கொஞ்சம் நின்றது உண்மை.

எங்கள் தெருவில் பாதி வீடு கோயிலுக்குப் போகிறவர்கள், பாதி வீடு சர்ச்சுக்குப் போகிறவர்கள். இரண்டு பக்கத்துப் பெண்களும் சேலைத் தலைப்பில் எலும்பை மறைத்துக்கொண்டு இவளிடம் வருவார்கள். பிரசவம், வீட்டுக்காரன் குடி, துபாய்க்குப் போன தம்பி என்று கேட்பார்கள். காசு வாங்க மாட்டாள். கெட்டது தெரிந்தாலும் மூடி மறைக்க மாட்டாள். "கொஞ்சம் பாத்து இருங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கே அழுதுகொண்டு போனவர்கள் உண்டு.

எங்களுக்கு ஒரே பையன். கழுத்துப் பக்கத்துப் பொத்தலைப் பார்த்துவிட்டு அவள் முன்கூட்டியே சொன்ன பையன்.

அவனுக்குக் கத்தி பிடிக்கவில்லை. ரத்தத்தைக் கண்டால் முகம் வெளுத்துவிடும். அதற்காக நான் அவனைத் திட்டியதில்லை. வண்டி மேல்தான் அவனுக்கு உயிர். "லாரி ஓட்டணும்ப்பா" என்றான். "கொஞ்ச நாள் தெரிஞ்ச டிரைவரோட கிளீனரா போ, ரோடு பழகு. அப்புறம் உனக்குச் சொந்த லாரி எடுத்துத் தரேன். ரோட்டுல உன் அப்பன் பேரு ஓடட்டும்" என்றேன். சொன்னால் செய்கிறவன் நான். லாரிக்குப் பணமும் சேர்த்து வைத்திருந்தேன். 1991ஆம் வருஷம், மழை ஆரம்பிக்கிற சமயம், பம்பாய்க்குக் காய்கறி லோடு ஏற்றிப் போனான். லாரி திரும்பி வந்தது. அவன் வரவில்லை.

டிரைவர் என் கடை வாசலில் வந்து நின்று, கையைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பெல்காம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம் முதலாளி. இறங்கினான். டீயும் குடிச்சான். நான் டயரைத் தட்டிப் பாத்துட்டுத் திரும்பறேன், ஆள் இல்ல. விடியற வரைக்கும் நின்னேன். ஊரெல்லாம் கூப்பிட்டேன்."

பெங்களூரிலிருந்து பம்பாய் வரைக்கும் அந்த ரோட்டில் நான் விசாரிக்காத டீக்கடை கிடையாது. போட்டோவைக் காட்டிக் காட்டி அதன் ஓரம் கிழிந்தது. ஆஸ்பத்திரி, பிண அறை, ரயில்வே ஸ்டேஷன், கோயில் வாசல், எல்லாம் பார்த்தேன். கன்னடம் நன்றாகவே பேசுவேன், இந்தி சமாளிப்பேன், மராட்டி கையைக் காட்டிப் பேசினேன். போலீஸில் எழுதிக் கொடுத்தேன். வியாபாரத்தில் நான் தேடி ஒரு பொருள் கிடைக்காமல் போனதில்லை. பையன் கிடைக்கவில்லை.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அவள் இடது சப்பையை அலசிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

"வெளிச்சம் வருது" என்று அங்கிருந்தே கத்தினாள். "ஏங்க, வந்து பாருங்க, களம் பூரா வெளிச்சம். நடந்துகினுதான் இருக்கான்!"

அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அதிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இதுதான். அவனுக்கு ஒரு தட்டு வைப்பாள், கறியில் நல்ல துண்டு அதில் போடுவாள், அப்புறம்தான் எனக்கு. சாப்பிட்டு முடித்து எலும்பு பார்ப்பாள். வெளிச்சம் வரும். ஒரு வாரம் தப்பினதில்லை. அந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரைக்கும் ஓட்டுவாள். வெளியூர் போக மாட்டாள். பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு அவன் திரும்பிப் போய்விட்டால்? அவள் அம்மா செத்ததற்குக் கிருஷ்ணகிரிக்குப் போனவள், பிணத்தை எடுத்த உடனேயே, தலைக்குக்கூடக் குளிக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். மல்லேஸ்வரத்தில் நல்ல இடத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. அந்த வீட்டு வாசலில் நின்று பேரம் பேச எனக்கு எவ்வளவு ஆசை! கறிக்கடைக்காரனுக்கு மல்லேஸ்வரத்தில் வீடு என்றால் சும்மாவா? அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அவனுக்கு இந்தக் கதவுதான் தெரியும்."

வருஷங்கள் போயின. மெலிந்துகொண்டே வந்தாள். தெருவில் லாரி ஹார்ன் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். ஒருதரம் கொதிக்கிற குழம்பைக் காலில் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள்.

எனக்கு விஷயம் புரிந்தது ஒரு ஞானஸ்நான விருந்தில். எங்கள் தெருக் கிறிஸ்தவர் ஒருவர், பேரப்பிள்ளைக்கு விருந்து வைத்தார். கறி என் கடையிலிருந்து போகவில்லை. பிரியாணிக்கு என்று சமையல்காரன் எங்கேயோ மலிவாகக் கிழட்டுப் பெட்டை ஆடுகளைப் பிடித்திருக்கிறான். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. தட்டில் சப்பை விழுந்தது. வழக்கத்தில், ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கினேன்.

களம் கருத்திருந்தது. புள்ளி. புள்ளியிலிருந்து கோடு. ஓரத்தில் ஒரு பொத்தல்.

"என்ன முதலாளி, டாக்டர் மாதிரி எக்ஸ்ரே பாக்குறீங்க? ஆட்டுக்கு டி.பி.யா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். பந்தி சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குள் விருந்து வைத்தவரே வந்துவிட்டார். "கறி எப்படி?" என்றார். "ஆட்டுக்கு உங்க தாத்தா வயசு இருக்கும்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். இன்னொருத்தர் தட்டிலிருந்த சப்பையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதுவும் கருப்பு. அந்த வீட்டில் அன்றைக்குப் பிள்ளைக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் நல்லபடியாக இருக்கிறார்கள்.

மறு வாரம் கடைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, ஒரு பானையில் இளம் கிடாவின் சப்பை, இன்னொரு பானையில் பல் தேய்ந்த கிழட்டு ஆட்டின் சப்பை வேகவைத்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானே கண்டுபிடித்தேன். இளசு எல்லாம் வெளிச்சம். கிழடு எல்லாம் புள்ளியும் கோடும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மாறவே இல்லை.

என் வீட்டுக்கு நான் எப்போதும் இரண்டு பல் போட்ட இளம் கிடாக்கறிதான் கொண்டுபோவேன். கடை வைத்த நாளிலிருந்து அப்படித்தான். ஊருக்கெல்லாம் நல்ல கறி போடுகிறவன் தன் வீட்டுக்கு அதைவிட நல்லதைக் கொண்டுபோக வேண்டாமா? "முதலாளி வீட்டுக் கறி" என்று கடையில் ஒரு கொக்கியே தனியாக உண்டு. அந்தக் கொக்கியில் தொங்கினது எதுவும் கருத்திருக்க வாய்ப்பே இல்லை. பையன் எங்கே, என்ன ஆனான் என்று அந்த எலும்புக்கு ஒன்றும் தெரியாது. நான் பெருமைக்குக் கொண்டுபோன கறியில் அவள் பிள்ளையை உயிரோடு வைத்திருந்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். கதவைத் திறந்தாள். "வாங்க. இன்னைக்கு மனசு நல்லா இருக்கு. ராத்திரி கனவுல டீ குடிச்சுகினு நின்னான்" என்றாள். சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் இரண்டு பல் கிடாதான் கொண்டுபோனேன்.

2003இல் அவள் தம்பி வந்தான். என் மைத்துனன், ஓசூரில் டெம்போ ஓட்டுகிறவன். காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் சேதி இல்லையென்றால், தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி கட்டி, சுடுகாட்டில் வைத்துக் கொள்ளி போட்டு, காரியம் செய்துவிட வேண்டும் என்பது வழக்கம். அதைச் சொல்லத்தான் வந்தான். வந்தவன் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலேயே உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, பன்னெண்டு முடியப் போகுது."

"எனக்குக் கணக்குத் தெரியும்டா."

"பெரியவங்க எல்லாம் என்னைக் கேக்கறாங்க."

"அவங்களுக்குச் சோறு செரிக்கலன்னா நடக்கச் சொல்லு. என் பிள்ளை உசுரோட இருக்கான். வாரா வாரம் பாத்துகினுதான் இருக்கேன்."

"இருந்தா சந்தோஷம்க்கா. இல்லன்னா?" அவன் குரல் உடைந்துவிட்டது. அவனுக்கும் பையன் மருமகன்தானே. தோளில் தூக்கி வளர்த்தவன். "இல்லன்னா, பன்னெண்டு வருஷமா ஒரு வாய் தண்ணி வைக்க ஆளில்லாம, தாகத்தோட அலைஞ்சுகினு இருப்பான். அம்மா வீட்டு வாசல்லயே வந்து நின்னாலும் நமக்குத் தெரியாது. அதை யோசிச்சியா?"

அவள் முகத்தில் அறைந்த மாதிரி ஆனது. கொல்லைப் பக்கம் போய்விட்டாள். அங்கிருந்து குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்த ஞாயித்துக்கிழமை எலும்பைக் கேக்கறேன். அது இல்லன்னு சொன்னா, செய்ங்க. இருக்கான்னு சொன்னா, இந்தப் பேச்சை என் காலம் முடியற வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாது."

மைத்துனன் என்னைப் பார்த்து, "சரின்னு சொல்லுங்க மாமா" என்றான். சரி என்றேன். அவனுக்கு எலும்பு சொல்லும் என்று நம்பிக்கை. அவளுக்கும் நம்பிக்கை. அது என்ன சொல்லப் போகிறது என்பது என் கையில் இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். என் வாழ்க்கையில் ஓர் ஆட்டைத் தேர்ந்தெடுக்க அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. ஒரு பக்கம் பளபளவென்று பன்னூர்ச் சாதி இளங்குட்டிகள். இன்னொரு பக்கம் எத்தனையோ ஈற்றுப் போட்ட, வயிறு தொங்கின பெட்டைகள். குட்டியின் முதுகைத் தடவினால் இன்னொரு பத்து வருஷம் அவள் அந்தக் கதவுக்கு ஓடுவாள். அவள் காலில் குழம்பு கொட்டின தழும்பு ஞாபகம் வந்தது. மைத்துனன் சொன்ன தாகமும் ஞாபகம் வந்தது. அதைக் கேட்டதிலிருந்து நான் கடையில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் டம்ளர் கனத்தது.

கிழட்டுப் பெட்டையின் வாயைத் திறந்து பார்த்தேன். பாதிப் பல் இல்லை. ஆட்டுக்காரர் என்னைப் பல வருஷமாக அறிந்தவர், கன்னடக்காரர். "யஜமான்ரே, நிமகல்ல இது" என்று கையைத் தட்டிவிட்டார். உங்களுக்கானது இல்லை இது என்று.

"எனக்குத்தான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இடது சப்பையோடு முன்னங்காலை முழுசாக, கத்தி படாமல் கழற்றி, துணியில் சுற்றி எடுத்துப்போனேன். அவள் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு காத்திருந்தாள். துணியைப் பிரித்தாள். சதையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். முகர்ந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டேன். ஒன்றும் கேட்காமல் அடுப்பில் ஏற்றினாள்.

வேகவே இல்லை. மைத்துனன் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். "குக்கர்ல போட்டுடேன்க்கா" என்றான். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருந்தாள். வெயில் உச்சிக்கு வந்து, சாயவும் ஆரம்பித்தது. கடைசியில் இறக்கி, சதையை விரலால் உரித்தாள். அலசினாள். ஈரம் போகத் துடைத்தாள். எழுந்து வாசலுக்குப் போவாள் என்று நாங்கள் இரண்டு பேரும் எழுந்து வழிவிட்டோம்.

அவள் எழவில்லை. எலும்பை மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க."

"சொல்லு."

"எங்கக் கிடந்தானாம்?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"இந்த வீட்டுக்கு நீங்க ஒரு நாளாவது கிழடு கொண்டாந்திருக்கீங்களா? சோத்துக்கு இல்லாத காலத்துலகூட நல்ல கறி அரைக்கால் கிலோ வாங்கியாருவீங்களே தவிர, இதை இந்த வாசப்படி தாண்ட விட்டிருப்பீங்களா?" அவள் அழவில்லை. குழந்தையிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்குச் சேதி வந்திருக்கு. வாயால சொல்ல முடியாம ஆட்டைக் கொண்டாந்திருக்கீங்க. எலும்பைப் பாத்து நான் என்ன பண்ணப் போறேன்? எங்கக் கிடந்தானாம், சொல்லுங்க."

எனக்கு எந்தச் சேதியும் வரவில்லை. வரவில்லை என்று சொன்னால், அடுத்த ஞாயிறு மறுபடி தட்டு வைப்பாள். கடையில் நின்று நாள் பூரா பேசுகிறவன் நான். வாய்தான் என் முதல். அந்த வாய் திறக்கவில்லை. சும்மா நின்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு சத்தம் அவள் அடிவயிற்றிலிருந்து வந்தது. பிள்ளையைப் பெற்ற அன்றைக்கு அவள் போட்ட சத்தம் அது. மார்பில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். மைத்துனன் "அக்கா, அக்கா" என்று பிடிக்கப் போனான். தெரு கூடிவிட்டது. எலும்பு பார்க்க வந்து போன பெண்கள் எல்லாம் வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். யார் காலோ இடறி எலும்பு அடுப்புக்கு அடியில் போயிற்று. அதைக் கடைசி வரைக்கும் யாரும் பார்க்கவில்லை.

காரியம் செய்தோம். பையனுக்கு அப்பன் கொள்ளி போட்டேன். புல் சீக்கிரம் எரிந்துவிட்டது. மைத்துனன் என் தோளைப் பிடித்து, "எப்ப மாமா சேதி வந்துச்சு? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றான். அவனிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் தேறினாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். உடம்பில் சதை பிடித்தது. தம்பி வீட்டுக்குப் போய் ஒரு மாசம் தங்கினாள். லாரிச் சத்தத்துக்கு ஓடுவதை விட்டாள். ஓடுகிறவன் நானானேன். கடையில் கறி நிறுத்துக்கொண்டிருக்கும்போது ஹார்ன் கேட்டால் தராசைப் பார்க்காமல் ரோட்டைப் பார்ப்பேன். சேதி வந்துவிட்டது என்று அவள் நிம்மதியாகத் தூங்குவாள். வராத சேதிக்காகப் பக்கத்தில் நான் விழித்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் அவனுக்குச் சாவு வந்தது அவளுக்கு மட்டும்தான்.

வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குப் படையல் வைக்கும்போது கேட்பாள். "என்ன ஆச்சு, எப்படி ஆச்சுன்னு நான் கேக்கல. எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க." ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றுவேன். ஒரு வருஷம், இலை போட்டபடியே என் காலைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்றைக்குக்கூட அவள் என் காலில் விழுந்தவள் கிடையாது. தாங்க முடியாமல் வாயில் வந்த ஊரைச் சொன்னேன். "ஹரிஹர்." தேடிப் போன காலத்தில் ஒருநாள் அங்கே ஆற்றில் இறங்கி முகம் கழுவியிருந்தேன். அவ்வளவுதான் அந்த ஊருக்கும் எனக்கும்.

அவள் என் காலை விட்டு நிமிர்ந்தாள்.

"பெல்காம் தாண்டினவன், ஹரிஹருக்கு எப்படி வந்தான்? அது இந்தப் பக்கம் இல்ல இருக்கு?"

"திரும்பி வந்துகினு இருந்தான்" என்றேன்.

"அப்ப வீட்டுக்குத்தான் வந்துகினு இருந்தானா?"

"ஆமா."

"வீட்டுக்குத்தான் வந்துகினு இருந்திருக்கான்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள்.

கூட்டிப் போகச் சொன்னாள். போனோம். விடிகாலையில் பெங்களூரில் பஸ் ஏறினால், சித்ரதுர்கா, தாவணகெரே தாண்டி ஹரிஹர். துங்கபத்திரை நிறையத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. எந்த இடம் என்று என்னைக் கேட்டாள். படித்துறையில் ஓர் இடத்தைக் காட்டினேன். பாட்டிலில் கொண்டுவந்திருந்த பாலை அங்கே ஊற்றினாள். கொஞ்சம் ஈர மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "குளிக்கத்தான் இறங்கியிருப்பான். நாத்தமா அம்மா எதிர்ல போய் நிக்கக் கூடாதுன்னு" என்றாள். நான் தலையாட்டினேன். திரும்பும்போது ஹோட்டலில் வயிறு நிறையச் சாப்பிட்டாள். எனக்கு வைத்த சப்பாத்தியையும் எடுத்துக்கொண்டாள்.

இன்றைக்கு அவள் இல்லை. இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஹரிஹருக்குப் போன அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். மண் முடிந்த முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். நான் ஜன்னலோரம். பஸ் ஸ்டாண்டில் ஒரே ஜனம். கம்பளி போர்த்தினவன், மூட்டை தூக்குகிறவன், டீக்கடை வாசலில் டம்ளரோடு நிற்கிறவன், பிச்சைக்காரன். இப்போது அவனுக்கு ஆகியிருக்கும் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயசு மதிப்பில் எந்த ஆம்பிளை போனாலும் தாடியை எடுத்துவிட்டு, கன்னத்தில் கொஞ்சம் சதையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தன் எங்கள் பக்கமாகத் திரும்பினான். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டேன்.

"யாரைத் தேடறீங்க?" என்றாள்.

"யாரையும் இல்ல. பெங்களூர் பஸ் வந்துச்சான்னு பாத்தேன்."

"அதுலதானே உட்காந்துகினு இருக்கோம்" என்றாள்.

கண்டக்டர் விசில் அடித்தார். அந்த ஆள் வேறு பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தான். முகம் தெரியவில்லை.